சமையலறைக்குப் பின்னால் ஒரு மாமியார்

சான்சோங், 1997 செப்டம்பர் 28

ஹேரன் அம்மாவுக்கு,

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கடையில் நாள் முழுக்க நிற்காதே. அந்த முக்காலியை அலங்காரத்துக்கா வாங்கித் தந்தேன்? ஹேரன் போன் செய்தால் அப்பா கிராமத்தான் ஆகிவிட்டார் என்று சொல்.

வீடு நான் ஆகஸ்டில் பார்த்தபடியே இருக்கிறது. பழைய சொந்தக்காரர் கில் மன்ஷிக் ஏலம் முடிவதற்கு வெகு நாள் முன்பே கிளம்பிப் போய்விட்டாராம். சாவி ஊர்த்தலைவரிடம் இருந்தது. வீட்டுக்குள் கூட்டிப் பெருக்கி, ஒரு கிம்ச்சி ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார். நல்ல மனிதர் போலிருக்கிறது.

போன் இல்லை. பழைய பாக்கியைக் கட்டாமல் இணைப்பு தரமாட்டார்களாம். அவசரமென்றால் ஊர்த்தலைவர் வீட்டுக்குப் பேசலாம். ஆனால் அவர் ஒலிபெருக்கியில் "பியோ தக்சூ, உங்க வீட்டம்மா லைன்ல இருக்காங்க, கோவமா இருக்காங்க" என்று மலை முழுக்கக் கேட்கும்படி அறிவிப்பார். நேற்று இன்னொருவருக்கு அப்படித்தான் நடந்தது. அதனால் கடிதமே எழுது.

இன்னொரு விஷயம். சமையலறைக்குப் பின்னால் பெரிய கொடிப்புதர் இருக்கிறது, அங்கே பரங்கிக்கொடி போடலாம் என்று சொன்னேனே, அந்தப் புதரை இரண்டு நாளாக உட்கார்ந்து வெட்டினேன். உள்ளே ஒரு சமாதி இருக்கிறது. பெரியது இல்லை, ஒரு மண்மேடுதான். நன்றாக உருண்டையாக இருக்கிறது. நீ கவலைப்படாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ஹேரன் அப்பா


பூசான், 1997 அக்டோபர் 4

ஹேரன் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வரும்வரை நான் சுகமாகத்தான் இருந்தேன்.

ஒரு தர்ப்பூசணி வாங்கப் போனால் நான்கு தடவை தட்டிப் பார்க்கிற ஆள் நீங்கள். முப்பது வருஷம் செருப்புக் கம்பெனியில் உழைத்து வாங்கிய கடைசிப் பணத்தை எல்லாம் போட்டு வீடு வாங்கும்போது ஒரு புதரைக் குச்சியால் குத்திப் பார்க்கத் தோன்றவில்லையா? வில்லங்கம் பார்த்தேன், வில்லங்கம் பார்த்தேன் என்று மார்தட்டினீர்களே, சமையலறை ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் வில்லங்கம் எப்படிக் கண்ணில் படாமல் போனது?

கடைக்கு மேல்மாடியில் இருக்கிற பத்திர எழுத்தர் பாங்கிடம் ஓடினேன். பட்டன் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் பூட்டிவிட்டுப் போனேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அக்கா, பழைய கடன், வரி பாக்கி எல்லாம் ஏலத்தோட அழிஞ்சு போயிடும். சமாதி மட்டும் அழியாது. அது எந்தப் பதிவேட்டுலயும் ஏறாது, ஆனா நம்ம பத்திரத்தவிட கெட்டி. அவங்க நிலமா இருந்தப்ப புதைச்சது, அவங்க ஆளுங்க கவனிச்சுக்கிட்டு வர்ற வரைக்கும் யாரும் கை வைக்க முடியாது. காலங்காலமா வர்ற வழக்கம், கோர்ட்டும் ஒத்துக்கிட்டது."

கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன என்று கேட்டேன். புல் மண்டிக் கேட்பாரற்றுக் கிடந்தால், பத்திரிகையில் அறிவிப்புப் போட்டு, மாவட்ட அலுவலகத்தில் அனுமதி வாங்கி எடுத்துவிடலாமாம். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் உட்கார்ந்து சுத்தம் செய்துவிட்டார் என்று சொன்னேன். மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார்.

கேட்பாரற்றுக் கிடந்த சமாதிக்குச் சவரம் செய்து மாப்பிள்ளை மாதிரி உட்கார்த்தி வைத்திருக்கிறீர்கள். இனிமேல் அதன் பக்கமே போகாதீர்கள். அரிவாளைப் பரண்மேல் போடுங்கள். களை, கொடி, முள் எது வந்தாலும் வரட்டும்.

கடைசியாக ஒன்று. மாமியார் இல்லாத வீடு என்றுதான் என் அம்மா உங்களுக்கு என்னைக் கட்டிக்கொடுத்தாள். ஐம்பத்தைந்து வயதில் யாரோ ஒருத்தியின் மாமியாரை என் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அரிசி களைய என்னால் முடியாது. அது போகிற வரைக்கும் நான் வரமாட்டேன்.

குளிரில் காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.
ஓக்பூன்


சான்சோங், 1997 அக்டோபர் 27

ஹேரன் அம்மாவுக்கு,

கோபத்தில் ரத்த அழுத்தம் ஏறியிருக்கும். மாத்திரையை விட்டுவிடாதே. இங்கே காலையில் பனி இறங்க ஆரம்பித்துவிட்டது, ஆனால் நான் நன்றாக இருக்கிறேன்.

நீ சொன்னதெல்லாம் புரிந்தது. ஊர்த்தலைவரிடம் விசாரித்தேன். சமாதி மன்ஷிக்கின் அம்மாவுடையதாம். பழப்பண்ணை போட்டுக் கடனில் மாட்டிக்கொண்ட பிறகு அவர் ஊருக்கே வருவதில்லையாம். "அந்தாளு மூணு சூசோக் பண்டிகைக்கு அம்மா சமாதியில புல்லு வெட்ட வரல. வெக்கம்யா, வேற ஒண்ணுமில்ல" என்றார் தலைவர். இப்போது தேகுவில் எங்கோ அடுக்குமாடிக் காவலாளியாக இருக்கிறாராம்.

நம் மரத்துப் பழங்களைத் தோல் சீவி உலரப் போட்டிருக்கிறேன். ஒரு கூடை பஸ்ஸில் அனுப்பினேன், கொண்டுவந்தவருக்குக் காபி வாங்கிக் கொடு.

நீ இந்தப் பக்கம் ஏதாவது அனுப்பினால் மியோங்தே கருவாடு ஒன்று வை. முழுசாக, தலையோடு. வயிறு சரியில்லை, சூப் வைத்துக் குடிக்கலாம் என்று பார்க்கிறேன்.

ஹேரன் அப்பா


பூசான், 1997 டிசம்பர் 9

ஹேரன் அப்பாவுக்கு,

வயிறு இப்போது தேவலையா? கருவாட்டோடு முள்ளங்கியும் வைத்திருக்கிறேன். தலையை வெட்டிவிட்டுச் சூப் வையுங்கள், தலையோடு போட்டால் கசக்கும். உள்ளே கம்பளி உடுப்பும் இருக்கிறது, பத்திரமாக வைக்கிறேன் என்று பெட்டியில் போடாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே நிலைமை ஒன்றும் நன்றாக இல்லை. டாலர் டாலர் என்று ஊரே அலறுகிறது. சந்தையில் தினம் ஒரு கடை சாத்துகிறது. சட்டை தைப்பவன் இல்லையென்றால் பட்டன் யார் வாங்குவார்கள்? எதிர்வரிசைப் பெண்ணொருத்தி என் கடையை ஜூலை மாதத்துக்குள் எடுத்துக்கொள்கிறேன் என்கிறாள். கடையோடு நான் குடியிருக்கும் மேல் அறையும் போகிறது. அதற்குப் பிறகு எனக்குத் தலை சாய்க்க அந்த வீடுதான். அதனால் காது கொடுத்துக் கேளுங்கள்.

பாங் எல்லாவற்றையும் திட்டம் போட்டுவிட்டார். பிப்ரவரியில் பத்திரிகை அறிவிப்பு. ஏப்ரலில் அதிகாரி வந்து பார்ப்பார். வரும் வருஷம் சந்திரக் கணக்குப்படி ஐந்தாம் மாதம் இரண்டு தடவை வருகிறது. ஜூன் கடைசியில் தொடங்கும் அந்த மிகை மாதத்தில் சமாதியைத் தொட்டால் யாருக்கும் ஒரு கெடுதலும் வராது. அதை விட்டால் இன்னும் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். நான் மூன்று வருஷம் எங்கே போய் இருப்பேன், நம் மகளின் மாமியார் வீட்டிலா?

அதிகாரி வரும்போது அந்த மேடு பார்க்கவே பரிதாபமாக இருக்க வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமே இல்லாததைச் செய்யுங்கள், போதும்.

ஓக்பூன்


சான்சோங், 1998 ஜனவரி 19

ஹேரன் அம்மாவுக்கு,

சந்திரப் புத்தாண்டு நெருங்குகிறது. நீ ஹேரன் வீட்டுக்கே போய்விடு, பேரனைப் பார்த்தால் மனசு ஆறும். எனக்கு இங்கே சாலை பனியில் மூடிவிட்டது.

ஒரு குறையும் இல்லை. விறகு இருக்கிறது. பின்னால் மேட்டின் மேல் வெயில் முதலில் விழுகிறது, முற்றத்துப் பனி உருகுமுன் அங்கே உருகிவிடுகிறது. நல்ல இடமாகத்தான் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

முடிந்தால் ஒரு புட்டி சோங்ஜு அரிசி மது அனுப்பு. குளிருக்கு.

ஹேரன் அப்பா


பூசான், 1998 பிப்ரவரி 16

ஹேரன் அப்பாவுக்கு,

சளி இல்லையே? எனக்கு முழங்கால் அப்படியேதான்.

நம் கல்யாணத்திலிருந்து நீங்கள் சோஜு தவிர வேறெதையும் தொட்டு நான் பார்த்ததில்லை. சோங்ஜு வெந்நீர் மாதிரி இருக்கிறது, அதைப் படையலில் வைக்கத்தான் லாயக்கு என்று சொன்னவர் நீங்கள்தானே? ஊர்த்தலைவரோடு சேர்ந்து பெரிய மனுஷ பழக்கம் பழகுகிறீர்கள் போலிருக்கிறது. அனுப்பியிருக்கிறேன். கூடவே இரண்டு பேரிக்காய். குடித்துவிட்டு அந்த ஒலிபெருக்கியில் பாடாதீர்கள்.

அறிவிப்பு பத்திரிகையில் வந்துவிட்டது. கத்தரித்து வைத்திருக்கிறேன். "மேற்படி சமாதிக்கு உரிமை உள்ளோர்" என்று கெட்டி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. மேட்டில் இப்போது எவ்வளவு களை இருக்கிறது என்று எழுதுங்கள்.

ஓக்பூன்


பூசான், 1998 மார்ச் 30

ஹேரன் அப்பாவுக்கு,

பதிலே இல்லை. உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா? ஊர்த்தலைவர் வீட்டுக்குப் பேசினேன். "அவருக்கு என்னம்மா, காலையில எந்திரிச்சு சுத்துமுத்தும் வேலை செஞ்சுக்கிட்டே இருக்காரு" என்றார். என்ன வேலை என்று கேட்பதற்குள் ஒலிபெருக்கியைப் போடட்டுமா என்றார். வைத்துவிட்டேன்.

அதிகாரி ஏப்ரல் நடுவில் வருகிறார். ஐந்தாம் தேதி ஹான்ஷிக் வருகிறது. ஊரில் எல்லோரும் சமாதிக்குப் புல் பதிப்பார்கள். நம் வீட்டில் மட்டும் யாரும் எதையும் பதிக்க வேண்டாம். களை எவ்வளவு இருக்கிறது என்று கேட்டிருந்தேன்.

ஓக்பூன்


சான்சோங், 1998 ஏப்ரல் 20

ஹேரன் அம்மாவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய்.

அதிகாரி வந்து போனார். சின்ன வயதுக்காரர், மரியாதையானவர், பார்லித் தேநீர் குடித்தார். மேட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது கேட்பாரற்ற சமாதி இல்லை, அனுமதி தர முடியாது என்று சொல்லிவிட்டார். புல் வெட்டியிருக்கிறது. மழையில் சரிந்த பக்கம் புதுப் புல் பதித்திருக்கிறது. "யாரோ வேலை தெரிஞ்சவரு ஐயா. அடியொட்டி வெட்டி, வெட்டினத ஒரே பக்கமா கூட்டி வச்சிருக்காரு பாருங்க" என்று என்னையே கூப்பிட்டுக் காட்டினார்.

என்ன செய்வது. மலையில் ஆசேலியாப் பூ பூத்திருக்கிறது.

ஹேரன் அப்பா


பூசான், 1998 மே 6

ஹேரன் அப்பாவுக்கு,

நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை.

ஆசேலியாவா? ஆசேலியாவா எழுதுகிறீர்கள்? வீட்டுக்குள் இருந்துகொண்டு, ஜன்னலுக்கு எதிரே ஒருவன் வந்து புல் வெட்டி, புல் பதித்து, பெருக்கிவிட்டுப் போகிறான். நீங்கள் என்ன குறட்டை விட்டுக்கொண்டிருந்தீர்களா? மன்ஷிக் என்கிற அந்த மனிதர் பத்திரிகை அறிவிப்பைப் பார்த்திருக்கிறார், பதில் போடாமல் திருட்டுத்தனமாக வந்து உரிமையை உறுதி செய்துகொண்டு போயிருக்கிறார். நல்ல மனிதர் என்று எழுதினீர்களே!

கடைக்காரப் பெண் முன்பணம் கொடுத்துவிட்டாள். என்னால் இனி பின்வாங்க முடியாது. நீதிமன்றக் காகிதத்தில் அவருடைய தேகு விலாசம் இருக்கிறது என்கிறார் பாங். நானே நேரில் போய் நான்கு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன்.

ஓக்பூன்


சான்சோங், 1998 மே 11

ஹேரன் அம்மாவுக்கு,

போகாதே. பாவம், அவர் வரவில்லை. உன் முழங்காலோடு அவ்வளவு தூரம் பஸ்ஸில் உட்காராதே. நான் ஏதாவது செய்கிறேன்.

ஹேரன் அப்பா


பூசான், 1998 ஜூன் 8

ஹேரன் அப்பாவுக்கு,

போய்விட்டு வந்தேன். கால் வீங்கியிருக்கிறது. வேறு ஒன்றுமில்லை.

மனிதர் ஒரு அடுக்குமாடி வாசலில் தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தார். உங்களைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். ஊர்ப் பெயரைச் சொன்னதும் எழுந்து தொப்பியைக் கழற்றிவிட்டார். பஸ்ஸில் வரும்போது நல்ல நல்ல வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தேன். தொப்பியைக் கழற்றி நின்றவரிடம் சமாதி விஷயம் என்று மட்டும் சொன்னேன்.

அவர் சொன்னது இது. "சாவியைக் குடுக்கறப்பவே சொல்லியிருக்கணும்மா. அம்மாவை விட்டுட்டுப் போறேன்னு வாயால சொல்ல முடியல. கடன்காரங்க மூஞ்சியில முழிக்கணுமேன்னு மூணு வருஷமா அந்தப் பக்கமே போகல. இந்த மிகை மாசத்துல எடுத்து எரிச்சுடுங்க. நான் கையெழுத்துப் போடறேன்." பாங் எழுதிக் கொடுத்த காகிதத்தை நீட்டினேன். படிக்காமலே தன் பெயர் முத்திரையைக் குத்தினார்.

கிளம்பும்போது, "புல்லு இடுப்பளவு வளந்திருக்குமில்ல?" என்று கேட்டார். நானும் பொய் சொல்லத் தெரியாமல், இல்லையே, அழகாக வெட்டி ஒரே பக்கமாகக் கூட்டி வைத்திருக்கிறதாமே என்றேன். அவர் கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டார். "யாரும்மா வெட்டறா?" என்றார். எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் தெரிந்தது. கிம்ஹேயில் என் அப்பா சமாதிக்கு ஒவ்வொரு சூசோக்குக்கும் என் அண்ணன்மார் நிழலில் உட்கார்ந்து பழம் தின்ன, நீங்கள்தான் அடியொட்டி வெட்டி, வெட்டியதை ஒரே பக்கமாகக் கூட்டி வைப்பீர்கள். மாமனார் வீட்டில் நல்ல பேர் வாங்க நடிக்கிறார் என்று அண்ணிகளோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன். வயிற்றுக்கு என்று தலையோடு கருவாடு. குளிருக்கு என்று சோங்ஜு. நானும் பேரிக்காய் வைத்து அனுப்பியிருக்கிறேன். படையலுக்கு வேண்டியதையெல்லாம் என் கையாலேயே கட்டி, என் காசிலேயே பஸ்ஸில் ஏற்றியிருக்கிறேன். என்னைவிட முட்டாள் குக்ஜே சந்தையில் கிடையாது.

சம்மதக் காகிதம் பட்டன் டப்பாவில் இருக்கிறது. மிகை மாதம் இன்னும் சில நாளில் ஆரம்பம். வேறு எதையும் எழுத வேண்டாம், பூவைப் பற்றி எழுதவே வேண்டாம். நீங்கள்தானா, ஏன் என்று மட்டும் எழுதுங்கள்.

ஓக்பூன்


சான்சோங், 1998 ஜூன் 13

ஹேரன் அம்மாவுக்கு,

கால் வீக்கத்துக்கு உப்புப் போட்ட வெந்நீரில் வை.

நான்தான். முதல் தடவை தெரியாமல் வெட்டினேன். நீ வேண்டாம் என்று எழுதிய பிறகு அரிவாளைப் பரண்மேல்தான் போட்டேன். ஆனால் தினமும் அரிசி களையும்போது எதிரே தெரிகிறது. ஒரு களை முளைக்கிறது. அடுத்த வாரம் நான்கு. கண்ணெதிரே ஒருத்தருடைய அம்மா மேல் காடு மண்டுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியவில்லை. இறக்கிவிட்டேன்.

உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. போர்க்காலத்தில் வடக்கே துறைமுகத்தில் அப்பாவும் நானும் ஏறிய கப்பலில் இடம் இல்லை, தம்பியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கப்பலில் வருகிறேன் என்று அம்மா சொன்னாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. இது உனக்குத் தெரியும். அவள் எப்போது இறந்தாள், எங்கே கிடக்கிறாள், எதுவும் தெரியாது. அப்பாவையும் அவர் கேட்டபடி எரித்து, வடக்கே பார்த்துக் கடலில் விட்டோம். எனக்கென்று வெட்டுவதற்கு ஒரு பிடி புல் இந்த நாட்டில் இல்லை. சூசோக் வந்தால் எல்லோரும் அரிவாளைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள், நான் உன்னோடு கிம்ஹேக்கு வருவேன். நடிக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

நான் இங்கே வெட்டினால் அங்கே வடக்கில் யாராவது என் அம்மாவுக்கு வெட்டுவார்கள் என்று ஒரு கணக்கு. பைத்தியக்காரக் கணக்குதான்.

ஆனால் வீடு உனக்காக வாங்கியது. நீ வராத வீடு எனக்கு எதற்கு? எலும்பு எடுக்கிறவர்களிடம் பேசிவிட்டேன், மிகை மாதம் பிறந்ததும் வருகிறேன் என்கிறார்கள். காகிதத்தை அனுப்பு. நானே கூட நின்று பார்த்துக்கொள்கிறேன்.

ஹேரன் அப்பா


பூசான், 1998 ஜூன் 19

ஹேரன் அப்பாவுக்கு,

கால் பரவாயில்லை. உப்பு போட்டேன்.

மாமியார் இல்லாத வீடு என்று வாய்க்கு வந்தபடி எழுதினேனே, அதைப் படித்துவிட்டு ஒரு வார்த்தை திட்டாமல் பழம் சீவி அனுப்பியிருக்கிறீர்கள். உங்களோடு சண்டை போடுவதும் பஞ்சு மூட்டையைக் குத்துவதும் ஒன்று. எனக்கு அழுகை வந்தது, அதற்கும் உங்கள் மேல்தான் கோபம் வருகிறது.

எலும்பு எடுக்கிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். வாய்தா இல்லை, மூன்று வருஷம் கழித்துப் பார்க்கலாம் என்பதும் இல்லை, வேண்டாம். பாங்கிடம் காகிதத்தைக் கிழிக்கச் சொன்னேன். "அக்கா, இத்தனை அலைஞ்சு வாங்கினத..." என்று இழுத்தார். இனி அந்த வீட்டை விற்கப் போனால் பாதி விலைக்குக்கூட யாரும் தொடமாட்டார்கள் என்றார். விற்றால்தானே என்றேன்.

மன்ஷிக்குக்கு எழுதிவிட்டேன். சூசோக்குக்கு வந்து உங்கள் அம்மாவுக்கு நீங்களே வெட்டுங்கள், கடன்காரர்கள் முகம் பார்க்க வெட்கமாக இருந்தால் பின்வழியாக வாருங்கள், சாப்பாடு இருக்கிறது என்று. சீக்கிரம் வரச் சொல்லியிருக்கிறேன், இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் முந்திக்கொள்வார்.

ஜூலை முதல் வாரம் லாரியோடு வருகிறேன். அதற்குள் அந்தப் போன் பாக்கியைக் கட்டித் தொலையுங்கள். ஜன்னலுக்குத் திரை எதுவும் தைக்கவில்லை.

கருவாடு இரண்டு வாங்கிவிட்டேன், தலையோடு. படையல் கிண்ணம் உங்களிடம் ஒன்றுதான் இருக்கும், நான் இன்னொன்று கொண்டுவருகிறேன். அந்த அம்மா பக்கத்திலேயே, வடக்கே பார்த்து, உங்கள் அம்மாவுக்கும் ஒன்று வையுங்கள். சோங்ஜு ஊற்றுவது நான். மருமகள்தானே ஊற்ற வேண்டும்.

ஓக்பூன்